அண்ணன் குளித்த தண்ணீர்

வீட்டுத் தோட்டம் போட்டால் மனசு அடங்கும் என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் கீரை விதையைத் தூவிவிட்டு வெளியூர் போய்விட்டவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் தோட்டம் போட்ட ஆறு வருசத்தில் கொன்றதை எல்லாம் வரிசையாகப் படுக்கவைத்தால் ரயில்வே ஸ்டேசன் வரைக்கும் போகும். காலையில் பல் தேய்க்கும் முன்பே கத்தரிச் செடியில் புழு எடுப்பேன். இரண்டு நகத்துக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து. பச்சையாகப் பீய்ச்சும். அதை வேட்டியில் துடைத்துவிட்டு அதே கையால் காப்பி வாங்கிக் குடிப்பேன். சேனைக்கிழங்கைத் தோண்டித் தின்ற பெருச்சாளியை ஒரு தடவை மண்வெட்டியால் அடித்தேன். முதல் அடியிலேயே அது முடிந்துபோனது. ஆனாலும் திரும்ப எழுந்துவிடுமோ என்ற பயத்தில் இன்னும் பதினைந்து அடி அடித்தேன். கடைசியில் எடுத்துப் போடுவதற்குப் பெருச்சாளி என்று ஒன்று இல்லை, மண்தான் சிவந்து கிடந்தது.

"செத்ததை எத்தனை தடவைதான் கொல்லுவீங்க?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

பயந்தவன் அடிக்கிற அடிக்கு அளவு கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி வருகிறது பூராவும் அந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

அப்போது நாங்கள் கோவில்பட்டி முடிந்து பருத்திக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். மழை பொய்த்த இரண்டாவது வருசம். எனக்கு இருபத்தேழு வயசு, கல்யாணமாகி மூன்று வருசம். நூல் மில்லில் வேலை. ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால், கதிர் நிற்கும் முன் இரண்டு விரலால் பிடித்து முடிய வேண்டும். என் வலது கையின் அந்த இரண்டு விரலுக்குத்தான் மில்லில் சம்பளம். மீதி உடம்பு அதற்குத் துணையாகப் போய்வந்தது. வீட்டுக்காரி வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டுவாள். அடுப்பில் எந்நேரமும் பசை கொதித்துக்கொண்டிருக்கும்.

பக்கத்து வீட்டில் பெரியப்பா மகன். எனக்குப் பத்து வயசு மூத்த அண்ணன். ஒரே வீடாக இருந்ததை எங்கள் அப்பாக்கள் இரண்டாகப் பிரித்து, பின்னால் இருந்த கொல்லைக்கு நடுவில் முள்வேலி போட்டுவிட்டுப் போய்ச்சேர்ந்தார்கள். அண்ணனுக்கு ஊருக்கு வெளியே மானாவாரிக் கரிசல் நிலம். மழை வந்தால் பருத்தியும் கம்பும் வளர்ப்பார். வராவிட்டால் மீசை வளர்ப்பார். ஆள் ஆறடி. கதவுக்குப் பின்னால் ஒரு வீச்சரிவாள் சாத்தியிருக்கும். அதை அவர் எடுத்து நான் பார்த்தது கிடா வெட்டுக்கு மட்டும்தான். ஒரு வீச்சு, தலை தனி. இரண்டாம் வீச்சுக்குப் போன கதையே கிடையாது.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறு யாருக்கு, மாட்டுத்தொழு யாருக்கு, ஒற்றைப் புளியமரம் யாருக்கு என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். குளித்த தண்ணீர் யாருக்கு என்று எழுதவில்லை.

அண்ணன் வீடு மேடு, எங்கள் வீடு பள்ளம். அவர்கள் வீட்டுக் குளிப்பறையிலும் துவைகல்லிலும் விழுகிற தண்ணீர் வேலிக்கு அடியில் வழிந்து எங்கள் கொல்லைக்கு வந்துவிடும். அந்தத் தண்ணீரை அண்ணன் தன் காட்டுக் கிணற்றிலிருந்து பீப்பாயில் மாட்டுவண்டி கட்டிக் கொண்டுவருவார். இறைப்பது அவர், சுமப்பது அவர் மாடு, குளிப்பது அவர் குடும்பம். நான் செய்ததெல்லாம் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததுதான். அந்தத் தண்ணீரில் கத்தரி போட்டேன், பாகல் போட்டேன், கூரையில் சுரை ஏற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று குழி புடலை. பந்தல் போட்டு, பிஞ்சுகள் சுருளாமல் நேராக இறங்க வாலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். ஊரே காய்ந்து கிடந்த அந்தக் கோடையில் என் பந்தலுக்குக் கீழே குனியாமல் நடக்க முடியாது.

அண்ணன் ஒருநாள் டீக்கடையில் நாலு பேருக்கு நடுவில் சொன்னார்: "தம்பி வீட்டுப் புடலங்கா பூராவும் நான் குளிச்ச தண்ணியில வெளஞ்சது."

பெருமையாகத்தான் சொன்னார். கோபமே இல்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆமாண்ணே" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் கூடிய இடத்தில் என் வாய் எனக்குச் சொந்தமில்லை.

"எங்க அண்ணன் தெனமும் குளிப்பாட்டுதது மாட்டைத்தான்" என்றேன். "அவரு குளிக்கது பொங்கலுக்கும் தீவாளிக்கும். அந்த ரெண்டு சொம்புத் தண்ணியில புடலங்கா காய்க்குமா, நீங்களே சொல்லுங்க."

ஒருத்தர் வாயிலிருந்த டீயைத் துப்பிவிட்டார். கடையே சிரித்தது. அண்ணன் மட்டும் கிளாசைக் கீழே வைத்தார். வைத்த சத்தத்தில் சிரிப்பு நின்றது.

"காய்க்குதா இல்லையான்னு பாப்பம்லே" என்றார்.

மறுநாள் காலையில் வேலிக்கு அடியில் களிமண்ணும் ஓட்டாஞ்சில்லும் வைத்து அணை கட்டியிருந்தது. தண்ணீர் அவர் பக்கமே தேங்கி, வேலியோரம் மதினி வைத்திருந்த ஒற்றைப் பப்பாளிக்குப் போனது. மதினி என்றால் அண்ணன் பெண்சாதி. அதுவரை ஏதோ நின்றுகொண்டிருந்த அந்தப் பப்பாளி பத்தே நாளில் பால் மாட்டு மடி மாதிரி காய்களை இறக்கிவிட்டது.

என் பக்கம் தரை பாளம் பாளமாக விட்டது. இருக்கிற ஈரமாவது போகாமல் இருக்கட்டும் என்று சோளத்தட்டையும் சருகும் கொண்டுவந்து பந்தலடி முழுக்க மெத்தையாகப் பரப்பினேன். வீட்டுக்காரி குழாயடியில் சண்டை போட்டுக் கொண்டுவரும் குடத்தில் பாதியை நான் திருடி ஊற்றினேன். அதில் எங்களுக்குள் நடந்த அடிதடி தனி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பார்த்தபோது நடுக்குழிப் புடலை நிமிர்ந்துதான் நின்றது. பத்து மணிக்கு இலையெல்லாம் தொங்கிவிட்டது. கொடியைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் இல்லை. ஒரு சாண் தண்டு, முனையில் கொஞ்சம் நார். அவ்வளவுதான்.

தண்டோடு வீட்டுக்காரியிடம் ஓடினேன்.

"வேரை வெட்டிட்டான்" என்றேன். "பாரு, வேலிக்கு அங்கிட்டிருந்து கையை விட்டு அறுத்திருக்கான்."

வீட்டுக்காரி தண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "வெட்டுனா வழுவழுன்னுல்லா இருக்கும்? இது பிஞ்சிருக்கு."

"பிச்சிருக்கான்!"

"அத்தான் அப்படிச் செய்ய மாட்டாவ. கோவம்னா முன்னால வந்து நிப்பாவளே தவிர..."

அத்தான் என்று அவள் சொல்வது அண்ணனைத்தான். அவள் முடிக்கும் முன் நான் என் அரிவாளோடு பாதி வேலியைத் தாண்டியிருந்தேன். மீதிப் பாதியில் வேட்டி முள்ளில் மாட்டிக்கொண்டது. அதைக் கிழித்துக்கொண்டு, தொடையையும் கொஞ்சம் கிழித்துக்கொண்டு, அண்ணன் பக்கம் குதித்தேன். அண்ணன் காட்டில் இருந்தார். மதினி ரேசன் கடை வரிசைக்குப் போயிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு வீரம்.

பப்பாளி என்பது மரமே இல்லை. உயரமாக வளர்ந்த முள்ளங்கி. இரண்டே வெட்டு. ஒரு பெருமூச்சு மாதிரிச் சத்தம் வந்தது, பிறகு அது சாய்ந்தது. விழுந்த வேகத்தில் காய்கள் வெடித்து, உள்ளேயிருந்த வெள்ளை விதையெல்லாம் என் காலில் தெறித்தது. அறுபட்ட இடத்திலிருந்து பால் பீய்ச்சி என் வலது கை முழங்கை வரைக்கும் வழிந்தது. அது போதாதென்று கீழே கிடந்த தண்டை மேலும் பத்துப் பதினைந்து துண்டாகப் போட்டேன். அந்தப் பெருச்சாளிக்குச் செய்த மாதிரியே.

பிறகுதான் கை அரிக்கத் தொடங்கியது. கழுவத் தண்ணீர் இல்லை.

அண்ணன் மத்தியானம் வந்தார். முதலில் மாட்டை அவிழ்க்கும் சத்தம். பிறகு கதவுக்குப் பின்னால் இரும்பு சுவரில் உரசுகிற சத்தம். அவர் தெருவுக்கு வந்து, தெருவே கேட்கும்படி சொன்னார்:

"ஏலே! எந்தக் கை என் மரத்தை வெட்டுச்சோ அந்தக் கையை வெட்டாம கருப்பன் கோயில் படியேற மாட்டேம்லே! இது கருப்பன் மேல சத்தியம்!"

கருப்பசாமி எங்கள் குலசாமி. எங்கள் வகையறாவில் யாரும் அவர்மேல் சும்மா சத்தியம் செய்வதில்லை. செய்துவிட்டு விட்டவர்களும் இல்லை. நான் என் வலது கையைப் பார்த்தேன். பப்பாளிப் பால் காய்ந்து வெள்ளையாக, ஏற்கெனவே கட்டுப் போட்ட கை மாதிரி இருந்தது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன், "நான் ஊர்ல இல்லைன்னு சொல்லு." சொல்லிவிட்டுக் குலுக்கைக்குள் இறங்கிவிட்டேன். குலுக்கை என்றால் தானியம் கொட்டிவைக்க மண்ணில் செய்த ஆளுயரக் குதிர். இரண்டு வருசமாக மழையில்லாததால் உள்ளே கம்பும் இல்லை, சோளமும் இல்லை. அந்தப் பஞ்சத்தால் ஊரில் நன்மை அடைந்த ஒரே ஆள் நான்தான்.

உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு ஒரே உதையில் தாழ்ப்பாளோடு விழுந்தது.

வீட்டுக்காரி அடுப்பிலிருந்த பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே நின்றாள். "அத்தான், ஒரு எட்டு வச்சீங்க, மூஞ்சியில ஊத்திருவேன்."

"அவனை வெளிய வரச்சொல்லு."

"அவிய மில்லுக்குப் போயிருக்காவ."

"ஞாயித்துக்கெழமை எந்த மில்லும்மா ஓடுது?"

அவ்வளவு ஆத்திரத்திலும் தம்பி பெண்சாதியை 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டபடியே ஒரு எட்டு வைத்தார். அவள் சொன்னபடி செய்தாள். முகத்தில் அல்ல, கொஞ்சம் மரியாதையாக நெஞ்சில். அண்ணன் அலறினார். கொதிக்கிற பசை வழியாது, ஒட்டிக்கொண்டு வேகும். அவர் அதை வழித்து எறிந்தபோது தோலும் சேர்ந்து வந்தது என்று பிறகு சொன்னாள். பெண்ணை அடிக்கக்கூடாது, ஆனால் யாரையாவது அடித்தாக வேண்டும். அண்ணன் வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார்.

அடுத்து நான் கேட்ட சத்தத்தை இன்றைக்கும் காய்கறிக் கடையில் கேட்டால் எனக்கு வியர்க்கும். சதக். சதக். புடலங்காய் ஒவ்வொன்றாக அறுபட்டு விழுந்தது. முதலில் காய் விழுகிற சத்தம், கூடவே வாலில் கட்டிய கல் விழுகிற சத்தம். பிறகு பந்தல் கால்கள். பிறகு கத்தரிச் செடிகளை மிதிக்கிற சத்தம். பாகற்கொடி கிழியும்போது துணி கிழிகிற மாதிரி இருந்தது.

அந்தச் சத்தம் பொறுக்காமல்தான் நான் ஆவேசம் வந்து வெளியே பாய்ந்தேன் என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குலுக்கைக்குள் ஏதோ ஒன்று என் முதுகில் ஏறியது. தேளோ பூரானோ தெரியாது. நான் உதறிய உதறலில் குலுக்கை சாய்ந்தது. சாய்ந்தது உருண்டது. உருண்டது சுவரில் மோதி உடைந்தது. ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த கோழிக்குஞ்சு மாதிரி எழுந்தேன். எங்கள் வீட்டுக்கு வாசல் இரண்டு. ஒன்று தெருவுக்கு, ஒன்று கொல்லைக்கு. அரிவாளோடு ஒருத்தன் கொல்லையில் நிற்கும்போது தெருவாசலில் ஓடவேண்டும் என்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. என் கால்கள் கொல்லைவாசலைத் தேர்ந்தெடுத்தன.

நேருக்கு நேராகப் போய் நின்றேன். நெஞ்சு வெந்து, மீசையில் பசை ஒட்டி, கையில் வீச்சரிவாளோடு அண்ணன்.

"கையை நீட்டுலே" என்றார்.

கீழே கிடந்த ஒரு புடலங்காயை எடுத்து நீட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஒரே வீச்சில் அது பாதியானது. மீதியை அவர் மேல் எறிந்துவிட்டு, பந்தலின் மிச்சத்தைச் சுற்றி ஓடினேன். அடுத்த வீச்சு பந்தல் காலில் இறங்கியது. அதற்கடுத்தது என் சட்டைத் தோளைக் கிழித்து, சட்டைக்குள் இருந்ததையும் கொஞ்சம் கிழித்தது. சூடாக ஏதோ முதுகில் இறங்கியது. "ஐயோ, கை போச்சு!" என்று கத்திக்கொண்டே அந்தக் கையையே ஆட்டி ஆட்டி ஓடினேன்.

மூன்றாவது சுற்றில் அண்ணன் குறுக்கே வந்தார். சருகு மெத்தை மேல் கால் வைத்தார். கால் உள்ளே போய்விட்டது.

முழங்கால் வரைக்கும் போனது. உடம்பு முன்னால் விழுந்தது, கால் மட்டும் உள்ளேயே நின்றது. முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் கையிலிருந்த அரிவாள் என் காலடியில் வந்து விழுந்தது.

நான் அதை எடுத்தேன். எடுத்தது வெட்டுவதற்கு அல்ல, அவருக்குக் கிடைக்கக்கூடாது என்பதற்காக. ஆனால் ஒரு கையில் அவ்வளவு கனமான இரும்பு தொங்காது, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தால்தான் நிற்கும். அப்படித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்தவர் தலைமாட்டில் நின்ற நேரத்தில்தான் மதினி ரேசன் பையோடு வந்தார்.

பையைக் கீழே போட்டார். அறுந்து கிடந்த ஒரு புடலங்காயின் கயிற்றை, முனையில் கல்லோடு எடுத்து, தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி என் நெற்றியில் இறக்கினார். நான் அண்ணனுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். இரத்தம் கண்ணில் இறங்கியது. மதினி அடுத்த கல்லைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரி வந்து அவர் கொண்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் கத்தரிப் பாத்திக்குள் உருண்டார்கள்.

"ஏலே" என்றார் அண்ணன். குரல் மாறியிருந்தது. "இங்கன பாரு."

"பாக்க மாட்டேன். கிட்ட வந்தா பிடிச்சிருவீங்க."

"வேரைப் பாருலே, கூறுகெட்ட மூதி."

அவர் கால் சிக்கியிருந்தது வெடிப்பில். கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். கோடையில் காட்டில் மாட்டுக்கால் சிக்கி முறிகிற வெடிப்பு. நான் சருகு பரப்பி மூடி வைத்திருந்ததால் வெளியே தெரியவில்லை. அந்த வெடிப்பு நடுக்குழிக்குச் சரியாக அடியில் ஓடியிருந்தது. இந்தப் பக்கத்துச் சுவரில் பாதி வேர், அந்தப் பக்கத்துச் சுவரில் பாதி வேர். நடுவில் ஒரு கை அகலம். மண் விலகின விலகலில் வேரை இழுத்துப் பிய்த்திருந்தது.

கத்தரிப் பாத்திக்குள்ளிருந்து வீட்டுக்காரி தலையைத் தூக்கினாள். "பிஞ்சிருக்குன்னு நான் அப்பவே சொன்னனா இல்லையா?"

"கரிசக்காட்டுல பொறந்துட்டு, வெடிப்பு வேரை அறுக்கும்னு தெரியாதாலே ஒனக்கு?" என்றார் அண்ணன்.

"தண்ணிய அடைச்சா வெடிக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணே?"

அவருக்குத் தெரியும். இருபது வருசமாக அந்த மண்ணை உழுகிறவர். கைக்கு எட்டின பாதிப் புடலங்காயை எடுத்து என் வாயில் ஓங்கி ஓர் அடி அடித்தார். ஒரு பல் ஆடியது. பிறகு வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மண்ணைக் கொத்திக் காலை எடுத்தோம். பாதம் வேறு யாருடையதோ மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. மாட்டுவண்டி கட்டினோம். வண்டி ஓட்ட வேறு ஆளில்லை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். அண்ணன் பின்னால் படுத்தார். பக்கத்தில் வீச்சரிவாள். அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். கட்டுப் போடுகிற வைத்தியர் வீடு இரண்டு மைல். அந்த இரண்டு மைலும் என் முதுகு தானாக நெளிந்துகொண்டே போனது.

"ஏம்லே நெளியுத?"

"ஒண்ணுமில்லண்ணே. கட்டை வண்டி, குலுங்குது."

"பின்னாலருந்து வெட்ட மாட்டேம்லே. சத்தியம் கைக்குத்தான், முதுகு எதுக்கு எனக்கு?"

அதில் எனக்கு ஆறுதல் எந்த இடத்தில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்த மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மதினி அணையைக் காலால் உடைத்துவிட்டார். ஆனால் பிரயோசனமில்லை. தண்ணீர் கொண்டுவருகிற ஆளும் குளிக்கிற ஆளும் படுத்துவிட்டார். மில் விட்டு வந்ததும் அந்தப் பீப்பாய் வண்டியை நானே காட்டுக்கு ஓட்டி, இறைத்து, கொண்டுவந்தேன். அது அவர்கள் வீட்டுச் சமையலுக்கும் மாட்டுக்குமே சரியாக இருந்தது. வேலிக்கு அடியில் ஒரு சொட்டு வரவில்லை. அண்ணன் தினமும் குளிக்கிறவர், நன்றாகவே குளிக்கிறவர் என்பது அப்போதுதான் எனக்கு நிரூபணமானது. கொல்லையில் மிஞ்சிய செடிகளும் காய்ந்தன. கூரைமேல் அவர் அரிவாள் எட்டாத இடத்தில் கிடந்த ஒரே ஒரு சுரைக்காய் மட்டும், வீட்டுக்காரி பசைச் சட்டி கழுவி ஊற்றிய தண்ணீரில் உயிரோடு இருந்தது.

மூன்றாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகக் கூடவில்லை. கோணலாகச் சேர்ந்திருக்கிறது, திரும்ப முறித்துத்தான் கட்டவேண்டும் என்றார் வைத்தியர். தோளைப் பிடித்துக்கொள்ள என்னை நிறுத்தினார்கள். வைத்தியர் முழங்காலை வைத்து அழுத்தினார். அந்தச் சத்தம் முதல் தடவையைவிடப் பலமாக இருந்தது. அண்ணன் கத்தவில்லை. வாய்க்கு நேராக இருந்த என் வலது முன்கையைக் கடித்தார். பல் இறங்கியது. நானும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் சதை அவர் வாயிலேயே தங்கிவிடும். நான் கத்திய கத்தலில் வைத்தியர், முறிந்தது யாருக்கு என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு மதினி வேலியோரம் வந்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். கொண்டைச் சண்டைக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

"ஏட்டி, கருப்பன் காலைப் பிடிச்சு வச்சிருக்கான். சத்தியத்த முடிக்காம கால் கூடாது. அவிய மனசுலயும் அதுதான் கெடந்து அரிக்குது."

"அதுக்காக எங்க வீட்டு ஆளு கையையா வெட்டச் சொல்லுதீங்க?"

"கையில பிடிச்சிருக்கிற ஒண்ண வெட்டுனாப் போதும். கிடாய்க்குப் பதிலா பூசணிக்கா வெட்டுததில்லையா? சாமி ஏத்துக்கிடும்."

நான் கொல்லைவாசலுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டேன். கோயிலுக்கு முன்னால் கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கவேண்டும். அந்த வீச்சரிவாளால் அண்ணன் அதை வெட்டவேண்டும். பசை பட்ட நெஞ்சும், முறிந்த காலும், மூன்று வாரம் படுத்த கையும் உள்ள மனுசன். ஒரு விரல்கடை தப்பினால் என் மில் வேலை முடிந்தது. முடியாது என்று சொல்லிவிட்டால் அவர் காலம் பூராவும் நொண்டி, உழவு முடிந்தது. என் பப்பாளி வெட்டுக்கு அது அதிகம் என்று எனக்கே தெரிந்தது.

சம்மதித்தேன். ஆனால் எதை வெட்டுவது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அண்ணன் எலுமிச்சம்பழம்தான் முறை என்று சொல்லி அனுப்பினார். உள்ளங்கையில் எலுமிச்சம்பழம்! நான் பூசணிக்காய் என்று சொல்லி அனுப்பினேன், அதிலும் இரண்டு ஆள் தூக்குகிற பூசணிக்காய். வேலிக்கு மேலாக மூன்று நாள் பேரம். கடைசியில் அண்ணனே சத்தம் போட்டார்: "கூரையில கெடக்க சொரைக்காய எடுத்துட்டு வாலே. அதுக்கு மேல பேசுன, நெல்லிக்காதான்."

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கருப்பன் கோயிலுக்கு மூன்று படி. படிக்கு முன்னால் வண்டியைத் திருப்பி நிறுத்தி, அண்ணனை வண்டி விளிம்பில் உட்காரவைத்தோம். நான் சுரைக்காயைக் காம்புப் பக்கம் பிடித்து, கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினேன். இன்னும் கொஞ்சம் நீளமான கையோடு பிறந்திருக்கலாம் என்று பட்டது. சுரைக்காய் ஒரு முழம். கூரையில் பார்த்தபோது அது ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

மதினி சுரைக்காய்க்குக் குங்குமம் வைத்தார். அதே விரலால் என் மணிக்கட்டிலும் ஒரு பொட்டு வைத்தார்.

"அங்கன எதுக்கு மதினி?"

"எந்தக் கைன்னு சாமிக்குத் தெரியணும்லா?"

"சாமிக்குத் தெரியட்டும். அண்ணன் அதப் பாத்து வெட்டிறக்கூடாதுல்லா!"

"ஆட்டாம நில்லுலே" என்றார் அண்ணன்.

"நான் ஆட்டல. அதுவா ஆடுது."

வீட்டுக்காரி என் பின்னால் வந்து, என் முழங்கையைக் கீழேயிருந்து தாங்கிப் பிடித்தாள். அண்ணன் அரிவாளை ஓங்கினார். ஓங்கினவர் அப்படியே நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அது என் முகம் மாதிரியே இருந்தது. வேர்த்து வழிந்தது, உதடு வெளுத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சுரைக்காயை இல்லை, என் விரல்களை. இந்த ஆளும் பயப்படுகிறான் என்று தெரிந்ததும் எனக்கு மிச்சமிருந்த கொஞ்ச தைரியமும் போய்விட்டது.

கண்ணை மூடிக்கொண்டேன்.

காற்று வந்தது. கை திடீரென்று லேசாகிப் போனது. எனக்குப் புரிந்துவிட்டது. எடை குறைந்துவிட்டது, கை போய்விட்டது. ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு ஓலம் விட்டேன்.

"கண்ணைத் தொறங்க" என்றாள் வீட்டுக்காரி. "எல்லாம் இருக்கு."

திறந்தேன். முக்கால் சுரைக்காய் தரையில் கிடந்தது. கால் பங்கு என் பிடியில். வெட்டு, ஆள்காட்டி விரலிலிருந்து இரண்டு விரல்கடை தள்ளி, நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. விரல்களை எண்ணினேன். இரண்டு தடவை எண்ணினேன். பிறகு சுரைக்காயைக் கீழே போடப் பார்த்தேன். விரல் திறக்கவில்லை. வீட்டுக்காரி பிரித்துப் பார்த்தாள், அப்போதும் திறக்கவில்லை.

"அத அப்புறம் பாக்கலாம்லே. என்னையத் தூக்கு" என்றார் அண்ணன். "படியேறணும்."

சுரைக்காய்க் கட்டையைப் பிடித்த கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொடுத்தேன். அவர் ஒரு கையை என் கழுத்தில் போட்டார். அந்தக் கையில் அரிவாள் அப்படியே இருந்தது. அதன் முனை என் காதுக்குக் கீழே குளிர்ந்தது. முதல் படி ஏறினோம். இரண்டாவது படியில் அவர் கால் தடுக்கி முழுக் கனத்தையும் என் மேல் போட்டார். காதுமடலில் சுருக்கென்றது.

"அண்ணே, அருவாளைக் கீழ போடுங்களேன்" என்றேன்.

"சத்தியம் முடியட்டும்லே" என்றார் அண்ணன், மூச்சு வாங்க. "இன்னும் ஒரு படி இருக்கு."